பாக்கெட்டில் வைரஸ் இல்லை என்றால், பழத்தின் மேல் சந்தேகம் ஏன்?

கேள்வி: நான் திருச்சிக்காரி. கணவரின் வேலைக்காக ஆறு வருடமாக மியூனிக்கில் இருக்கிறோம். பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு ஜனவரி 18-ஆம் தேதி திரும்பினோம். ஏப்ரல் 8-ஆம் தேதி எனக்குக் காய்ச்சல், குமட்டல். நாலைந்து நாளில் கண் மஞ்சளாகிவிட்டது. ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் ஏ என்றார்கள். சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி போன் செய்து, இரண்டு மாதமாக என்னென்ன சாப்பிட்டேன், எந்தக் கடையில் வாங்கினேன் என்று ஒரு மணி நேரம் கேட்டார். காலையில் ஃப்ரோசன் பெர்ரியை மிக்ஸியில் தயிரோடு அடித்துக் குடிப்பேன் என்றதும், ஃப்ரீசரில் மிச்சமிருந்த பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். அதில் வைரஸ் இல்லை என்று முடிவு வந்துவிட்டது. ஆனாலும் பழத்தின் மேல் சந்தேகம் இருக்கிறதாம்! நன்றாக இருக்கும் என் நாலு வயது மகனுக்கும் ரத்தம் எடுத்தார்கள். கிண்டர்கார்டனில் மற்ற அம்மாக்கள் "இந்தியாவிலிருந்து கொண்டுவந்திருப்பார்கள்" என்று பேசுவது காதில் விழுந்து அழுதுவிட்டேன். இப்போது மஞ்சள் இறங்கிவிட்டது, பசி எடுக்கிறது. மாமியார் கீழாநெல்லிப் பொடி அனுப்புகிறேன் என்கிறார். பழத்தைச் சந்தேகிப்பது சரிதானா? இனி இந்தப் பழங்களைத் தொடவே கூடாதா? இன்னொன்று, மார்ச்சில் ஒரு தோழி வீட்டுப் பிறந்தநாளில் பெர்ரி கேக் சாப்பிட்டேன். அதிகாரியிடம் அதைச் சொல்ல மறந்துவிட்டேன். அது முக்கியமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பசி எடுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஹெபடைடிஸ் ஏ-யில் பசி திரும்புவது நல்ல அறிகுறி. அசதி மட்டும் இன்னும் சில வாரம் இழுக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஹெபடைடிஸ் பி, சி மாதிரி இது கல்லீரலில் நிரந்தரமாகத் தங்குகிற நோய் இல்லை. ஒருமுறை வந்து போனால் திரும்ப வராது.

உங்களை அழவைத்த பேச்சை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஹெபடைடிஸ் ஏ வைரஸ் உடம்புக்குள் போனதிலிருந்து நோய் வெளியே தெரிய 15 முதல் 50 நாள் ஆகும். சராசரி 28 நாள். நீங்கள் ஊரிலிருந்து திரும்பியது ஜனவரி 18, காய்ச்சல் வந்தது ஏப்ரல் 8. நடுவில் 80 நாள் இருக்கிறது. திருச்சியில் குடித்த தண்ணீரோ சாப்பிட்ட சாப்பாடோ உங்களுக்கு நேரடியாக இந்த நோயைத் தந்திருக்க வாய்ப்பு இல்லை. இதை அந்த அம்மாக்களிடம் நீங்கள் தைரியமாகவே சொல்லலாம்.

ஆனால் பையனுக்கு ஏன் ரத்தம் எடுத்தார்கள் என்பதற்கும் பதில் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு இந்த வைரஸ் தொற்றினால் பெரும்பாலும் வெளியே ஒன்றுமே தெரியாது. கண் மஞ்சளாகாது, விளையாடிக்கொண்டே இருக்கும். ஆனால் மலத்தில் வைரஸ் வாரக்கணக்கில் போய்க்கொண்டிருக்கும். உங்கள் மகனுக்கு ஜனவரியில் ஊரில் தொற்றியிருந்தால், பிப்ரவரியிலோ மார்ச்சிலோ அவனைக் கழுவிவிட்ட கை வழியாக உங்களுக்கு வந்திருக்க இடமுண்டு. அதை விசாரிக்காமல் விட்டால் அந்த அதிகாரி தன் வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை என்று அர்த்தம். அவர் ஊரையோ உங்களையோ குற்றம் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, பையன் ரத்தத்தில் சமீபத்திய தொற்றின் அடையாளம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் விஷயம் முடியாது. அவனும் அதே பெர்ரித் தயிரை உங்களோடு குடித்திருப்பானே! யாரிடமிருந்து யாருக்கு என்பதை அந்த ஒரு பரிசோதனை சொல்லாது. அதற்கு வைரஸின் மரபணுவைப் படிக்க வேண்டும். இந்தியாவில் அதிகம் சுற்றுவது 3ஏ என்ற வகை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதுவரை உறைந்த பழங்களால் வந்த பெரிய பரவல்களில் பிடிபட்டவை 1ஏ, 1பி என்ற வகைகள். உங்கள் ரத்தத்தில் கிடைத்த வைரஸ் எந்த வகை, அதன் மரபணு எழுத்து வரிசை ஏற்கனவே வேறு யாருக்காவது கிடைத்ததோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். ஐரோப்பிய ஆய்வகங்கள் இந்த வரிசைகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. மியூனிக்கில் உங்களுக்கும், ஹாம்பர்க்கில் முன்பின் தெரியாத ஒருவருக்கும் ஒரே வரிசை வந்தால், இருவரும் ஒரே இடத்திலிருந்து வந்த எதையோ சாப்பிட்டிருக்கிறீர்கள் என்ற சந்தேகம் வலுக்கும். அடுத்த முறை அதிகாரி பேசும்போது "என் வைரஸின் வகை தெரிந்ததா?" என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது.

இப்போது உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். பாக்கெட்டில் வைரஸ் இல்லை என்று வந்தபிறகும் சந்தேகம் ஏன்?

ஆய்வகத்தில் ஒரு பரிசோதனைக்கு எடுப்பது வழக்கமாக 25 கிராம் பழம். இரண்டு மூன்று ஸ்ட்ராபெரி. வைரஸ் பழத்தில் சீராகக் கலந்திருக்காது. வயலில் ஒரு மூலையில் பட்ட தண்ணீர், பறித்த ஒருவரின் கை என்று எங்கோ சில பழங்களில் மட்டும் ஒட்டியிருக்கும். மூட்டை அரிசியில் ஒரு பிடி அள்ளிப் பார்த்துக் கல் இல்லை என்று சொல்வது போலத்தான் அது. அதுவும் பாக்டீரியா மாதிரி இந்த வைரஸ் பழத்தில் பெருகாது. உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும். ஆகவே எத்தனை துகள் ஒட்டியதோ அத்தனைதான் இருக்கும். ஆளைப் படுக்கவைக்க மிகச் சொற்பமான எண்ணிக்கையே போதும் என்பதுதான் கொடுமை. போதாததற்கு, பெர்ரிகளில் உள்ள அமிலமும் சாயமும் பி.சி.ஆர். பரிசோதனையையே தடுமாற வைக்கும். இதற்கெல்லாம் மேலே, உங்களிடமிருந்து எடுத்துப் போனது கடைசியாக வாங்கிய பாக்கெட். உங்களுக்கு நோய் தந்தது மார்ச்சில் குடித்து முடித்து, உறையைக் குப்பையில் போட்ட பாக்கெட்டாக இருக்கலாம். ஆகவே "வைரஸ் இல்லை" என்ற முடிவு அந்த 25 கிராமைப் பற்றியது மட்டுமே.

இந்தத் துறையில் மூலத்தைக் கண்டுபிடிக்கும் வேலையில் பெரும்பகுதி நடப்பது பழத்தைச் சோதித்து இல்லை. நோயாளிகளின் ஞாபகம், கடை ரசீது, வைரஸின் மரபணு, கிடங்குப் பதிவேடு ஆகியவற்றை அடுக்கித்தான் நடக்கிறது. அந்த ஒரு மணி நேர போன் பேச்சு உங்களுக்கு எரிச்சலாக இருந்திருக்கும். விசாரணையின் முதுகெலும்பே அதுதான்.

2012-இல் நீங்கள் இருக்கும் ஜெர்மனியிலேயே நடந்ததைச் சொல்கிறேன். செப்டம்பர் கடைசியில் நாட்டின் கிழக்குப் பகுதியில், பெர்லினையும் சேர்த்து ஐந்து மாநிலங்களில், பள்ளிக் குழந்தைகளும் குழந்தைக் காப்பக வாண்டுகளும் கூட்டம் கூட்டமாக வாந்தி எடுத்தார்கள். ஏறக்குறைய 11,000 பேர். கிருமி நோரோவைரஸ். பாதிக்கப்பட்ட இடங்களுக்கு ஒரே பெரிய கேட்டரிங் நிறுவனம்தான் சாப்பாடு அனுப்பியிருந்தது. நோரோவைரஸ் 12 முதல் 48 மணி நேரத்தில் வேலையைக் காட்டிவிடும் என்பதால், நேற்றும் முந்தாநாளும் என்ன சாப்பிட்டோம் என்று குழந்தைகளாலேயே சொல்ல முடிந்தது. மெனு அட்டைகளை ஒப்பிட்டார்கள். சுமார் இரண்டு வாரத்தில் விரல் ஒரு பொருளை நோக்கித் திரும்பிவிட்டது: சீனாவிலிருந்து உறையவைத்து வந்த ஸ்ட்ராபெரி. சுமார் 22 டன் கொண்ட ஒரே சரக்கு. சில சமையலறைகளில் அதைச் சரியாகச் சூடாக்காமல் பரிமாறியிருந்தார்கள். அதே சரக்கில் பிரிக்காத பெட்டி கையில் கிடைத்ததால், அதில் வைரஸையும் கண்டுபிடித்தார்கள். அப்படி அமைவது அரிது.

ஹெபடைடிஸ் ஏ-யில் அந்த வசதி கிடையாது. ஒரு மாதத்துக்கு முன் சாப்பிட்டது யாருக்கு ஞாபகம் இருக்கும்? பழமும் தீர்ந்திருக்கும், பாக்கெட்டும் போயிருக்கும். 2013-இல் இத்தாலியில் தொடங்கிய பரவலைப் பாருங்கள். அந்த மே மாதம் ஜெர்மனி மற்ற நாடுகளை எச்சரித்தது: வட இத்தாலியின் ட்ரெண்டோ, போல்சானோ பகுதிக்குப் பனிச்சறுக்கு விளையாடப் போய் வந்தவர்களுக்கு மஞ்சள் காமாலை வருகிறது என்று. முதலில் ஏதோ ஓர் ஓட்டல், ஏதோ ஓர் ஊர் என்றுதான் தோன்றியிருக்கும். அப்புறம் இத்தாலி முழுக்க நோயாளிகள் தெரியவந்தார்கள். இத்தாலிப் பக்கமே போகாத அயர்லாந்துக்காரர்களிடமும் அதே மரபணு வரிசை. எல்லோரிடமும் திரும்பத் திரும்ப வந்த உணவு, உறையவைத்த கலவை பெர்ரி. கடைசியில் 13 நாடுகளில் 1,589 பேர், இரண்டு மரணம்.

அதன் மூலத்தைத் தேடியவர்கள் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது. ஒரு கலவைப் பாக்கெட்டில் நாலைந்து வகைப் பழம். ஒவ்வொன்றும் வேறு நாடு. ஒவ்வொரு நாட்டிலும் சிறு விவசாயிகளிடமிருந்து வாங்கிச் சேர்ப்பவர், உறையவைக்கும் ஆலை, தரகர், இன்னொரு நாட்டில் கலந்து பாக்கெட் போடுபவர் என்று கைமாறி வரும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் நாடுகளும் சேர்ந்து ஆயிரக்கணக்கான கொடுக்கல்வாங்கல்களைக் கணினியில் ஏற்றி, கோடு கோடாக இணைத்துப் பார்த்தார்கள். ஜெர்மன் இடர் மதிப்பீட்டு நிறுவனம் இதற்கென்றே ஒரு மென்பொருளைக் கொடுத்து உதவியது. கோடுகள் அதிகம் போய்ச் சேர்ந்தது பல்கேரியாவின் பிளாக்பெரியிலும் போலந்தின் ரெட்கரண்ட் என்ற சின்னச் சிவப்புப் பழத்திலும். ஆனால் ஐரோப்பாவில் ரெட்கரண்ட் அதிகம் விளைவது போலந்தில், உறைந்த பிளாக்பெரியைப் பெருமளவில் ஏற்றுமதி செய்வது பல்கேரியா. அதனாலேயே கூட அங்கே கோடுகள் குவிந்திருக்கலாம். எல்லா நோயாளிகளையும் இணைக்கும் ஒற்றை வயலோ ஆலையோ கடைசிவரை கிடைக்கவில்லை. விசாரணையை அப்படியே நேர்மையாக எழுதி முடித்தார்கள்.

அதே 2013-இல் அமெரிக்காவில் ரசீது எவ்வளவு உதவும் என்பது தெரிந்தது. அங்கே 165 பேருக்கு ஹெபடைடிஸ் ஏ வந்தது. ஒருவருக்குக் கல்லீரல் மாற்று அறுவையே தேவைப்பட்டது. பெரும்பாலோர் கோஸ்ட்கோ கடையில் ஒரு குறிப்பிட்ட பெர்ரிக் கலவையை வாங்கியவர்கள். அது உறுப்பினர் அட்டை வைத்து வாங்கும் கடை என்பதால், யார் எந்தத் தேதியில் வாங்கினார் என்று கணினியே சொன்னது. வாங்கிய மற்றவர்களுக்கும் தகவல் போய், தடுப்பூசி போட்டுக்கொள்ள முடிந்தது. வைரஸ் 1பி வகை. அமெரிக்கக் கண்டத்தில் அது அரிது, வட ஆப்பிரிக்காவிலும் மத்தியக் கிழக்கிலும் அதிகம். அந்தக் கலவையில் துருக்கியிலிருந்து வந்த மாதுளை முத்துகள் இருந்தன. பெயர் பெர்ரிக் கலவை, சந்தேகம் போய் நின்றது மாதுளையில். பழத்தில் வைரஸ் கிடைக்கட்டும் என்று காத்திருக்காமலேயே கலவையைத் திரும்பப் பெற்றார்கள்.

காகிதத்தை மட்டும் நம்பவும் முடியாது. 1997-இல் மிச்சிகனில் பள்ளி மதிய உணவின் உறைந்த ஸ்ட்ராபெரியால் நூற்றுக்கணக்கானோருக்கு இதே நோய் வந்தது. அரசுத் திட்டத்துக்கு உள்நாட்டுப் பழம்தான் தர வேண்டும் என்பது விதி. வந்ததோ மெக்ஸிகோவில் விளைந்தது. உள்நாட்டுப் பழம் என்று பொய்ச் சான்று கொடுத்திருந்தார்கள்.

பழத்தில் இந்த வைரஸ் எப்படி வருகிறது என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை. ஆனாலும் பழத்தைத் தொடலாமா என்ற கேள்விக்கு இதுதான் அடிப்படை. ஹெபடைடிஸ் ஏ, நோரோ இரண்டுமே மனித மலத்திலிருந்து வரும் வைரஸ்கள். கழிவுநீர் கலந்த தண்ணீரைப் பாய்ச்சுவது, மருந்தடிக்கக் கலக்குவது, கழிப்பறையும் சோப்பும் இல்லாத வயலில் கையால் பறிப்பது, ஆலையில் தரம் பிரிப்பது என்று எந்த இடத்திலும் ஒட்டலாம். ஸ்ட்ராபெரி, ராஸ்பெரி மாதிரி மெத்தென்ற பழங்களை அழுத்திக் கழுவ முடியாது. கழுவினாலும் அந்த மேடுபள்ளத்தில் ஒட்டியது முழுதாகப் போகாது. அப்புறம் மைனஸ் 18 டிகிரியில் வைத்தால் வைரஸ் சாகாது, பத்திரமாக இருக்கும். புதுப் பழம் நாலு நாளில் தீர்ந்துவிடும், அதோடு ஆபத்தும் தீரும். உறைந்த பழம் ஒரு வருடம், இரண்டு வருடம் கிடங்கில் இருக்கும். அதனால்தான் இந்தப் பரவல்கள் மாதக்கணக்கில் இழுக்கின்றன. வேலைக்கு வருபவருக்குக் கழிப்பறையும், உடம்பு முடியாத நாளில் கூலியோடு விடுப்பும் கொடுக்காத வரைக்கும் ஆய்வகத்தில் எத்தனை பரிசோதனை வைத்தாலும் இது நிற்காது என்பது என் உறுதியான எண்ணம்.

இனி உங்கள் சமையலறை. இந்தப் பழங்களை ஒதுக்க வேண்டியதில்லை. நீங்கள் இனி என்ன சாப்பிட்டாலும் ஹெபடைடிஸ் ஏ திரும்ப வராது, ஆனால் நோரோவைரஸுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பையனும் கணவரும் வேறு இருக்கிறார்கள். ஆகவே கொதிக்கவைத்துச் சாப்பிடுங்கள். பழம் ஃப்ரீசரிலிருந்து நேராகப் பாத்திரத்துக்குப் போகட்டும். நடுவரை தளதளவென்று கொதி வந்தபின் இன்னும் இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். சர்க்கரையைக் கொதித்தபிறகு போடுங்கள், ஏனென்றால் சர்க்கரை அதிகமாகச் சேர்ந்த கூழில் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் இன்னும் அதிகச் சூட்டைத் தாங்கும். ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டால் காலையில் தயிரோடு அடிக்க அதுவே போதும். ருசி கொஞ்சம் மாறும்தான். பின்லாந்து, டென்மார்க் போன்ற நாடுகளில் இறக்குமதியாகும் உறைந்த பெர்ரியைச் சூடாக்கித்தான் சாப்பிட வேண்டும் என்று அரசே சொல்கிறது. மிக்ஸி ஜாரையும் பழம் கரைந்த தண்ணீர் பட்ட மேடையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆல்கஹால் ஜெல் இந்த இரண்டு வைரஸ்களையும் நம்பத்தகுந்த அளவுக்குக் கொல்லாது. கையைச் சோப்பால் கழுவுவதுதான் சரி.

கணவர் தடுப்பூசி போட்டுக்கொண்டாரா என்று நீங்கள் எழுதவில்லை. தொற்றிய சந்தர்ப்பத்திலிருந்து 14 நாளுக்குள் போட்டால்தான் நோயைத் தடுக்கும் வாய்ப்பு அதிகம். அந்தக் கெடு தாண்டியிருந்தாலும், அவருக்கு எதிர்ப்பு இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்துவிட்டு, இல்லையென்றால் இப்போதாவது போட்டுக்கொள்ளட்டும். நம் ஊரில் வளர்ந்தவர்களுக்குச் சின்ன வயதிலேயே வந்துபோயிருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அது நம் அப்பா அம்மா காலத்தில் பெரும்பாலும் உண்மை. நகரத்தில் வடிகட்டிய தண்ணீர் குடித்து வளர்ந்த தலைமுறைக்கு அப்படிச் சொல்ல முடியாது, உங்களுக்கே இப்போதுதானே வந்திருக்கிறது. மகனுக்கும், பரிசோதனையில் எதிர்ப்பு இல்லை என்று வந்தால், அடுத்த ஊர்ப் பயணத்துக்கு முன் ஊசி போட்டுவிடுங்கள்.

மாமியார் அக்கறையில் சொல்கிறார். கீழாநெல்லி நம் வீடுகளில் தலைமுறையாக இருப்பதுதான். ஆனால் இந்த நோய்க்கு வைரஸைக் கொல்லும் மருந்து எதுவும் கிடையாது. கல்லீரல் தானாகவே சரியாகும், இப்போது உங்களுக்குச் சரியாகிக்கொண்டும் இருக்கிறது. எந்தப் பொடியையும் அரித்துப் பிரித்து அனுப்ப வேண்டிய வேலை அதே கல்லீரலுக்குத்தான். புண்பட்டிருக்கும் நேரத்தில் அதற்கு வேலை கொடுக்க வேண்டாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால்கூட டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். கல்லீரல் பரிசோதனை முடிவுகள் பழைய நிலைக்கு வந்தபிறகு மாமியார் மனசு நோகாமல் பேசிக்கொள்ளலாம்.

கடைசியாகக் கேட்டீர்களே, தோழி வீட்டுக் கேக். முக்கியமா என்றால், மிக முக்கியம். கேக் வெந்ததுதானே என்று தோன்றும். ஆனால் மேலே அடுக்கும் பெர்ரியும் நடுவில் வைக்கும் கிரீமும் பல கேக்குகளில் வேகாதவை. 2014-இல் நார்வேயில் ஹெபடைடிஸ் ஏ வந்தவர்களை விசாரித்தபோது, ஜெர்மனியில் தயாரித்து இறக்குமதியான ஒரு பெர்ரி கேக்கில்தான் போய் நின்றது. இத்தாலியில் முந்தைய வருடம் பரவிய அதே வைரஸ். நீங்கள் சாப்பிட்டது மார்ச் மாதம் என்பதால், நான் முதலில் சொன்ன 15 முதல் 50 நாள் கணக்குக்குள் பெரும்பாலும் வந்துவிடும். இன்றே அந்த அதிகாரிக்குப் போன் செய்யுங்கள். பிறந்தநாள் தேதி, கேக் வீட்டில் செய்ததா கடையில் வாங்கியதா, எந்தக் கடை, மேலே இருந்த பழம் எது என்பதைத் தோழியிடம் கேட்டு வைத்துக்கொண்டு பேசுங்கள். அன்று வந்திருந்த வேறு யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனதா என்றும் கேளுங்கள். அப்படியே பிப்ரவரி, மார்ச் மாத வங்கி அட்டைக் கணக்கை எடுத்து, எந்தெந்தத் தேதியில் எந்த சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனீர்கள் என்று குறித்துக் கொடுங்கள். அங்கே கடை அட்டை ஏதாவது வைத்திருந்தால் அதன் எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். நீங்கள் குப்பையில் போட்ட பாக்கெட்டின் சரக்கு எண் திரும்பக் கிடைக்காது, ஆனால் அந்தத் தேதியில் அந்தக் கடைக்கு எந்தச் சரக்கு வந்தது என்பதை அவர்களால் கண்டுபிடிக்க முடியும்.